சீன நாடகமும் பாலன் அண்ணை குடிக்காத தேநீரும்

"குடிக்காதை... குடிக்காதை பிள்ளை..."

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டன் குட்மேய்ஸில் இருக்கும் என் அண்ணை வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்குக் கிடைத்த வரவேற்பு இது. சொன்னது என்னிடம் அல்ல. டிவியிடம்.

திரையில் ஒரு பெண். இளநீலப் பட்டு உடுப்பு, கொண்டையில் மூன்று ஊசி, கையில் சின்னதாய் ஒரு தேநீர்க் கிண்ணம். எதிரே தாடிவைத்த மந்திரி ஒருவர் மிகவும் அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே தெரிந்தது, கிண்ணத்தில் இருப்பது வெறும் தேநீர் இல்லை என்று. அண்ணை ரிமோட்டை அமத்தி அப்படியே நிறுத்தினார்.

"இரு, சப்டைட்டில் வாசிக்கவேணும்," என்றார். "உவங்கள் கெதியாக் கதைக்கிறாங்கள்."

என் அண்ணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வயது அறுபத்தெட்டு. இருபத்தாறு வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவர். மணியடிக்காமல் இறங்க நினைத்தவர்களை அடுத்த நிறுத்தம்வரை கொண்டுபோய் இறக்கிவிட்ட மனிதர். படம், பாட்டு, நாவல் எல்லாம் வேலையில்லாதவர்களின் வேலை என்பார். அப்படிப்பட்டவர் ரிட்டயராகி இரண்டு வருடத்தில் சீனச் சரித்திர நாடகத்தில் விழுந்துவிட்டார் என்றால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை.

"உங்கட அண்ணை இஞ்ச இல்லை," என்றார் அண்ணி, குசினிக்குள் இருந்து. "ரெண்டு மாசமா அரண்மனையிலதான் இருக்கிறார். சாப்பிட மட்டும் குட்மேய்ஸுக்கு வருவார்."

எனக்குத் துருவித் துருவிக் கேட்கிற குணம். இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியாததா? பக்கத்தில் உட்கார்ந்து, என்ன கதை என்று கேட்டேன். அண்ணை சொன்னார். அந்தப் பெண்ணின் தகப்பனை மந்திரி பொய்க் குற்றம் சாட்டிக் கொன்றுவிட்டார். அவள் பெயரை மாற்றிக்கொண்டு, தையல்காரியாக மந்திரியின் வீட்டுக்குள்ளேயே வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். பத்து வருடமாகத் திட்டம் போட்டிருக்கிறாள். இதற்குள் மந்திரியின் மகனுக்கு அவளில் காதல். அதுவும் போதாதென்று, தகப்பனைக் காட்டிக்கொடுத்த கடிதத்தை எழுதியவர் யார் என்பது இன்னும் தெரியவில்லை.

நாற்பத்தெட்டு எபிசோட். ஒவ்வொன்றும் முக்கால் மணித்தியாலம். அண்ணை நிறுத்தி நிறுத்தி வாசிப்பதால் ஒன்றேகால்.

ஒரு எபிசோட் பார்த்துவிட்டுக் கிங்ஸ்பரிக்குத் திரும்பிவிடுவேன் என்றுதான் இருந்தேன். நான்கு பார்த்தேன். அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கு அடுத்த ஞாயிறும்.

என்ன இருக்கிறது அதில்? எனக்கு முதலில் பிடித்தது அவர்களுடைய காதல். முப்பத்திரண்டாம் எபிசோட்வரை ஒருவர் விரலை ஒருவர் தொடவில்லை. அவன் குடை பிடித்தான். அவள் காயத்துக்கு மருந்து கட்டினாள். இருவரும் கூரையில் ஏறியிருந்து நிலா பார்த்தார்கள். அவ்வளவுதான். அதற்கே அண்ணை அந்த இடங்களில் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பார். தங்கச்சி பக்கத்தில் இருக்கிறேனாம்!

இன்னொன்று, உறவுமுறை. இரண்டாவது அண்ணன், மூன்றாவது சின்னம்மா என்று வரிசை போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். யார் முதலில் உட்காருவது, யார் யாருக்கு ஊற்றுவது என்பதில் ஒரு சண்டையே நடக்கிறது. கலியாணப் பேச்சு என்றால் நாலு தெரு தாண்டிப்போய் விசாரிக்கிறார்கள்.

"இவங்கள் எங்கட ஆக்கள்தான்," என்றார் அண்ணை.

"எப்பிடிச் சொல்லுறீங்கள்?"

"பார், ஒருத்தரும் ஒண்டையும் நேர சொல்லுறாங்கள் இல்லை."

அது என்னவோ உண்மை. ஆனால் எனக்கு விளங்காதது அந்தப் பழிவாங்கல்தான். பத்து வருடம் ஒரு கோபத்தைப் பழுதாகாமல் எப்படி வைத்திருப்பது? எனக்குக் காலையில் வருகிற கோபம் பின்னேரத்தில் யார்மேல் வந்தது என்றே மறந்துபோகும். இதைச் சொல்லி, "உப்பிடி ஆராவது இருப்பினமோ?" என்று கேட்டேன்.

அண்ணை திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன், ஏலாதோ?" என்றார்.

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. அப்போதுதான் எனக்குப் பாலன் அண்ணையின் ஞாபகம் வந்தது.

பாலன் அண்ணை, என் அண்ணையின் கூட்டாளி. ஒரே கூட்டாளி என்றே சொல்லலாம். இருவரும் ஜெர்மனியில் அகதிமுகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். லண்டனுக்கு வந்ததும் ஒன்றாக. இங்கேயும் ஒரே அறை, ஒரே சட்டியில் சமையல், குளிருக்குப் போட ஒரு நல்ல ஜாக்கெட் — யாருக்கு இன்டர்வியூவோ அவருக்கு. அண்ணையின் மகள், என் மருமகள் துஷா பிறந்த அன்று அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பாலன் அண்ணையின் பழைய வான்தான். அண்ணை அன்று பஸ்ஸோடு ட்ராஃபிக்கில் நின்றார்.

அப்படிப்பட்ட இருவரும் ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை. ஒன்பது! அந்தத் தையல்காரியைவிட ஒரு வருடம்தான் குறைவு.

காரணம் — ஒரு கோப்பை தேநீர்.

அண்ணை குட்மேய்ஸில் வீடு வாங்கிக் குடிபுகுந்த நாள். பால் காய்ச்சி முடிந்திருந்தது. மோர்டனில் இருந்து பாலன் அண்ணை வந்தார். நானும் அங்கே நின்றேன். அண்ணி கொடுத்த தேநீரை வாங்கினார். கையில் வைத்துக்கொண்டு ஹாலை ஒருமுறை பார்த்தார். பிறகு கோப்பையை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு, "அப்ப நான் வாறன்," என்று போய்விட்டார். கோப்பை நிறையத் தேநீர் அப்படியே இருந்தது.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. நமக்கு? சீனர்களிடம் நஞ்சு இருக்கிறது, வாள் இருக்கிறது, இரவில் கூரை தாண்டுகிற கொலையாளிகள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு இவை ஒன்றும் தேவையில்லை. வீட்டுக்கு வந்து, கை நனைக்காமல் போனால் போதும். அந்த வீட்டையே கொளுத்திவிட்டுப் போன மாதிரித்தான். சீன நாடகத்தில் தேநீரைக் குடித்தால் சாவு. நம்மிடம் குடிக்காவிட்டால்.

"அவன் வந்து குடிக்கட்டும், பிறகு கதைக்கிறன்," என்று அண்ணை அன்று சொன்னவர்தான். அவர் வரவில்லை. இவரும் கூப்பிடவில்லை. வேலையில் இருந்தவரைக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. ரிட்டயரான பிறகுதான் நான் கவனித்தேன்... அண்ணையின் போன் அடிப்பதே இல்லை. அடித்தால் டென்டிஸ்ட், இல்லாவிட்டால் நான். காலையில் எழுந்து, பேப்பர் பார்த்து, பார்க்கைச் சுற்றி நடந்து, சீன அரண்மனைக்குள் போய்விடுவார். எனக்கு அதைப் பார்க்க மனம் தாங்கவில்லை. வாழ்நாளில் கிடைத்த ஒரே கூட்டாளியை ஒரு கோப்பைத் தேநீருக்காகத் தொலைத்துவிட்டு, மனிதர் இப்படியே இருந்துவிடப் போகிறாரா?

நாடகம் பார்த்த தைரியத்தில் நான் துப்புத்துலக்கத் தொடங்கினேன். பாலன் அண்ணை ஏன் குடிக்கவில்லை?

முதல் சாட்சி, இல்பேர்டில் இருக்கும் எங்கள் மச்சான். போன் எடுத்துக் கேட்டேன். "அவருக்கு அப்பதான் சீனி வருத்தம் எண்டு கண்டவை. சீனி போட்டிருப்பினம், அதுதான் குடிக்கேல்லை," என்றார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீரிழிவுக்காரர் 'சீனியில்லாமல் தாங்கோ' என்று கேட்பாரே தவிர, ஒன்பது வருடம் கோபித்துக்கொள்வாரா?

இரண்டாவது சாட்சி அண்ணி. குசினியில் வைத்து மெல்லக் கேட்டேன். அண்ணி கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டார்.

"நான் உங்களுக்குச் சொல்லுறன், உங்கட அண்ணைக்குச் சொல்லாதேங்கோ," என்றார். "பிழை என்னிலதான். எல்லாருக்கும் கோப்பையில குடுத்தனான். அவர் வரேக்க கோப்பை முடிஞ்சுது. பேப்பர் கப்பில குடுத்திட்டன். அவரைப் போய் ஆரோ வெளியாள் மாதிரி..."

அண்ணியின் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருடமாக இந்த மனுஷி ஒரு பேப்பர் கப்பைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்! எனக்கோ அது பீங்கான் கோப்பை என்றுதான் ஞாபகம். நாடகத்தில் சாட்சிகள் பத்து வருடத்துக்கு முந்திய இரவில் யார் எந்த வாசலால் போனார் என்று வரிசையாகச் சொல்வார்கள். நம்முடைய சாட்சிகளுக்கு அன்று யார் என்ன சேலை கட்டினார் என்பது மட்டும் பிசகாமல் நினைவிருக்கிறது.

இதற்கிடையில் நாடகம் முடிந்தது. கடைசி எபிசோடில் மந்திரி அரசனுக்கு முன் முழங்காலில் விழுந்தார். எல்லாம் வெளியே வந்தது. அந்தப் பெண் அரண்மனை முற்றத்துக்கு வந்து நின்றாள். பனி கொட்டியது. சிரிக்கவில்லை. அழவும் இல்லை. சும்மா நின்றாள். எழுத்து ஓடத் தொடங்கியது.

"அவ்வளவுதானோ?" என்றார் அண்ணை.

"பழி வாங்கியாச்சுத்தானே அண்ணை."

"வாங்கி?"

அண்ணை டிவியை நிறுத்திவிட்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஞாயிறு. புதன்கிழமை காலை, நான் கவுன்சில் வேலைக்குப் போய் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அண்ணையின் போன்.

"ஞாயிறு மோர்டனுக்குப் போகவேணும். நீயும் வா."

"பாலன் அண்ணையிட்டையோ?"

"மோர்டனில வேற ஆர் எனக்கு இருக்கினம்?"

எனக்கு வந்த பெருமையைப் பார்க்கவேண்டும். நாடகத்தின் கடைசிக் காட்சி, அதற்குமேல் என் புலனாய்வு — இரண்டும் சேர்ந்து ஒரு மனிதனை மாற்றிவிட்டது என்று ஆபீசில் இரண்டு பேருக்குச் சொல்லியும் விட்டேன்.

லண்டன் பிரிட்ஜில் சந்தித்து நோர்தர்ன் லைன் எடுத்தோம். அண்ணை இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்திருந்தார். நிலத்துக்குக் கீழே போகிற எதையும் மதிக்காத பஸ் டிரைவர், வழியில் ரெயினைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்தது, மனிதர் பயந்துபோயிருக்கிறார் என்று.

பாலன் அண்ணை ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இன்னமும் வாடகைக்குத்தான் இருக்கிறார். கதவைத் திறந்தவர் இரண்டு பேரையும் பார்த்தார். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது.

"வா," என்றார். அண்ணையைப் பார்த்துத்தான்.

ரெயின் எப்படி, சனமோ, மழை வருமோ என்று பத்து நிமிடம் போனது. மனைவி கெயார் ஹோமில் ஷிப்ட். அவரே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்து மூன்று கோப்பைகளை வைத்தார். நான் எடுத்துக் குடித்தேன். அண்ணை எடுக்கவில்லை. இரண்டு பேரும் அண்ணையின் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குமேல் என்னால் ஏலாது. வாயைத் திறந்துவிட்டேன்.

"பாலன் அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. அண்டைக்குக் குடிபுகேக்க ஏன் தேத்தண்ணி குடிக்கேல்லை? சீனி வருத்தமோ? பேப்பர் கப் எண்டோ?"

நாற்பத்தெட்டாம் எபிசோட்வரை பார்த்தவள் நான். இப்போது ஒரு ரகசியம் வெளியே வரும், எல்லாம் தவறான புரிதல் என்று தெரியும், இருவரும் கட்டிப்பிடிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

"வேணுமெண்டுதான் குடிக்கேல்லை," என்றார் பாலன் அண்ணை.



"இவன் வீடு வாங்கினதை எனக்கு ஆர் சொன்னது தெரியுமோ?" அவர் என்னிடம் சொன்னாலும் பார்த்தது அண்ணையைத்தான். "மரக்கறிக் கடைக்காரன். 'உங்கட கூட்டாளி வீடு வாங்கிட்டாராமே' எண்டான். நான் சிரிச்சுக்கொண்டு, 'ஓம் ஓம், தெரியும்' எண்டனான். எனக்குத் தெரியாது. மரக்கறியை வாங்காமலே வந்திட்டன்."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். வீடு வாங்குவதை நாங்கள் சாவி கைக்கு வரும்வரை யாருக்கும் சொல்வதில்லை. கண் பட்டுவிடும். நான் கிங்ஸ்பரி வீடு வாங்கியபோது சொலிசிட்டரிடம் போன நாளெல்லாம் ஆபீசில் பல்வலி என்றுதான் சொன்னேன். மூன்று மாதத்தில் இருந்த பல் எல்லாம் கழன்றிருக்கவேண்டும்.

ஆனால் பாலன் அண்ணையிடமுமா?

அண்ணை தொண்டையைச் செருமினார். "முதல் வீடு சர்வேயில பழுது எண்டு போச்சு," என்றார். "ரெண்டாவது வீடு... கையெழுத்து வைக்கிற கிழமை விக்கிறவன் மாறிட்டான். அந்த ரெண்டாவது வீட்டைப் பற்றி நான் வெளியில சொன்னது ஒரே ஒரு ஆளுக்குத்தான். உனக்கு."

"அதால என்ர கண்தான் பட்டது எண்டு நினைச்சனி."

"ஓம். நினைச்சனான்."

ஐயோ, ஏன் அண்ணை, ஒரு சின்னப் பொய் சொல்லக்கூடாதா? 'மறந்துபோனன்' என்று சொல்லியிருக்கலாம். 'மனுசிதான் சொல்லவேண்டாம் எண்டவ' என்றாவது சொல்லியிருக்கலாம். நாடகத்தில் இந்த இடத்தில்தான் வாளை உருவுவார்கள்.

"நான் அண்டைக்கு ஹாலுக்குள்ள நிண்டு யோசிச்சனான்," என்றார் பாலன் அண்ணை, மெதுவாக. "நல்ல வடிவான வீடு எண்டு சொல்லத்தான் வாய் வந்தது. சொன்னால் அதுக்கும் கண் படும் எண்டு நினைப்பாயோ எண்டு பயம் வந்திட்டுது. பிறகு எப்பிடியடா நான் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கிறது?"

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

"பிழைதான் பாலன்," என்றார். "பெரிய பிழை."

ஐம்பத்தொன்பது வருடம் தங்கச்சியாக இருந்தவள் சொல்கிறேன். அந்தச் சொல்லை அண்ணையின் வாயில் இருந்து நான் கேட்டதே இல்லை. பஸ்ஸின் பக்கக் கண்ணாடியை உடைத்த அன்றுகூட விளக்குக் கம்பத்தில்தான் பிழை என்றவர்.

பாலன் அண்ணை என் அண்ணைக்கு முன்னால் இருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து குசினிக்குள் போனார். சரி, முடிந்துவிட்டது, ஊற்றிவிடப் போகிறார், நாங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கவேண்டியதுதான் என்று நினைத்தேன். மைக்ரோவேவ் சுத்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கோப்பையை வைத்தார்.

"ஆறிப்போச்சு, சூடாக்கினனான். குடி," என்றார்.

அண்ணை குடித்தார். ஒரே மூச்சில், நாக்குச் சுடச்சுட. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். இதற்காகத்தானே இத்தனை தூரம் வந்தார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அண்ணையோ கோப்பையை வைத்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தார்.

"துஷாவுக்குக் கலியாணம் சரிவந்திருக்கு," என்றார்.

பாலன் அண்ணை நிமிர்ந்தார். "எந்த இடம்?"

"பெடியன் குரொய்டன். அவளோட வேலைசெய்யிறவன், ரெண்டு பேருக்கும் விருப்பம். செவ்வாய்க்கிழமைதான் தாய் தேப்பன் வந்து கதைச்சவை. நாள் இன்னும் வைக்கேல்லை. அதுக்குள்ள எதுவும் நடக்கலாம்."

"ஆர் ஆருக்குச் சொன்னனி?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. முதல் உனக்குத்தான்."

பாலன் அண்ணை எழுந்துபோய், வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, அண்ணைக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

"மெல்லக் கதை," என்றார். "மேல்வீட்டு ஆக்களும் தமிழ்."

இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துக் குசுகுசுக்கத் தொடங்கிவிட்டார்கள். என் மருமகளுக்குக் கலியாணம் என்ற செய்தி, கூடப்பிறந்த எனக்கே அப்போதுதான் தெரியும்.